விரல்களின் இலக்கணத்தை வகுத்தவர் யார்? தொடுபலகைச் சைகைகளின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

மடிக்கணினியில் நீண்டதோர் ஆவணத்தைப் படிப்பவர் விசைப்பலகைக்குக் கீழுள்ள தொடுபலகையின்மேல் இரண்டு விரல்களை வைத்து மெல்ல நகர்த்துகிறார், பக்கம் நகர்கிறது. மூன்று விரல்களை மேல்நோக்கித் தள்ளுகிறார். திறந்திருக்கும் சாளரங்கள் அனைத்தும் ஒருசேரத் தெரிகின்றன. இரண்டு விரல்களை விரிக்கிறார். சுவடியின் நிழற்படத்தில் மங்கியிருந்த எழுத்து பெரிதாகிறது. இவற்றைச் செய்யும்போது அவர் எதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. நடப்பதைப் போல, இமைப்பதைப் போல, இவை உடலின் இயல்பாகிவிட்டன.

இயல்பாகத் தோன்றும் எதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பது வரலாற்று மாணவர் அறிந்த முதற்பாடம். இருவிரல் திரையுருட்டல் பரவலாகி இருபது ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முந்தைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் அந்த அசைவுக்குப் பொருளே இல்லை. எந்த அசைவுக்கு எந்தப் பொருள் என்பதை யாரோ, எங்கோ, ஏதோ காரணம் கருதி முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவுகள் எவ்வாறு உருவாயின, அவற்றை மாற்றியமைக்கும் உரிமை யாரிடம் இருந்தது, இன்று யாரிடம் இருக்கிறது என்னும் வினாக்களை முன்வைத்து இக்கருவியின் வரலாற்றைப் பார்க்கலாம்.

1. மேசையிலிருந்து மடிக்கு

சுட்டும் கருவிகளின் வரலாறு மவுஸிலிருந்து தொடங்குவது வழக்கம். டக்ளஸ் எங்கல்பார்ட்டின் கருத்துருவைக் கொண்டு பில் இங்கிலீஷ் 1964-இல் முதல் மாதிரியைச் செய்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் நிகழ்த்திய செயல்விளக்கம் அதை உலகறியச் செய்தது. பத்தாண்டுகள் கழித்து, 1978-இல், ஸ்டூவர்ட் கார்ட், பில் இங்கிலீஷ், பெட்டி பர் ஆகிய மூவரும் மவுஸையும் பிற கருவிகளையும் ஒப்பிட்டுச் சோதித்தனர். உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் வகுத்த விதி, இலக்கின் தொலைவும் அளவும் கையசைவின் நேரத்தை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதைக் கூறுவது. மவுஸ் அவ்விதி காட்டும் எல்லைக்கு நெருங்கி இயங்குவதை மூவரின் சோதனையும் காட்டிற்று. கையின் இயல்பான வேகத்துக்குக் கருவி பெரிய தடையாக இல்லை என்பதே இதன் பொருள்.

ஆயினும் மவுஸ் ஒரு மேசையை எதிர்பார்க்கிறது. கணினி மடிக்கு இறங்கியபோது அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது. 1980-களின் தொடக்கத்திலிருந்தே இதற்குப் பல தீர்வுகள் முயலப்பட்டன. 1983-இல் வெளிவந்த கேவிலன் என்னும் கையடக்கக் கணினி, விசைப்பலகைக்கு மேலே தொடுபரப்பு ஒன்றை வைத்தது. 1991 அக்டோபரில் வந்த ஆப்பிளின் பவர்புக், விசைப்பலகையைத் திரைப்பக்கம் தள்ளி, முன்பகுதியில் உள்ளங்கைகள் தங்குவதற்கு இடம்விட்டு, அதன் நடுவில் உருளும் பந்து ஒன்றைப் பதித்தது. இன்று எல்லா மடிக்கணினிகளும் பின்பற்றும் இட அமைப்பு இதுவே. 1992-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்க்பேட், டெட் செல்கர் உருவாக்கிய சிறு செங்குமிழை விசைகளுக்கு நடுவிலேயே நட்டது. தட்டெழுதும் கை தன் இடத்தைவிட்டு அகலாமலே சுட்டவேண்டும் என்பது அவர் நோக்கம்.

பந்தின் இடத்தைத் தட்டையான தொடுபலகை பிடித்தது 1994-இல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கெர்ஃபைடு 1980-களின் இறுதியில் உருவாக்கிய தொழில்நுட்பத்தை உரிமம் பெற்று, ஆப்பிள் தன் பவர்புக் 500 வரிசையில் பயன்படுத்தியது. ஏறத்தாழ அதே காலத்தில் சினாப்டிக்ஸ் நிறுவனமும் இத்துறைக்குள் வந்தது. இன்டெல்லின் முதல் நுண்செயலியை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஃபெடெரிகோ ஃபஜினும், பேராசிரியர் கார்வர் மீடும் 1986-இல் நிறுவிய அந்நிறுவனத்தின் தொடக்க ஆர்வம் நரம்பு வலைப்பின்னல்களைச் சில்லுகளில் அமைப்பதில் இருந்தது. வடிவங்களை உணரும் சில்லுகளைத் தேடியவர்கள் விரலை உணரும் பலகையில் தம் வாழ்வாதாரத்தைக் கண்டனர்.

2. ஒற்றை விரலின் காலம்

இப்பலகை இயங்கும் முறையை அறிவது பின்வரும் வரலாற்றைப் புரிந்துகொள்ள உதவும். மேற்பரப்புக்கு அடியில் நிரை நிரலாக மெல்லிய மின்கடத்திகள் ஓடுகின்றன. மனித விரல் மின்னைக் கடத்துவது. அது அருகே வரும்போது அவ்விடத்தின் மின்தேக்குத்திறன் சிறிதளவு மாறுகிறது. எந்த நிரையிலும் எந்த நிரலிலும் மாற்றம் மிகுதி என்று கணக்கிட்டால் விரலின் இருப்பிடம் கிடைத்துவிடும்.

தொடக்ககாலப் பலகைகள் பலவும் நிரைகளைத் தனியாகவும் நிரல்களைத் தனியாகவும் அளந்தன. ஒரு விரலுக்கு அது போதும். இரண்டு விரல்களை வைத்தாலோ, இரண்டுக்கும் நடுவே இல்லாத ஒரு விரல் இருப்பதாகக் கருவி மயங்கும். ஆகவே 1990-களின் தொடுபலகை மவுஸைப் பின்பற்றும் கருவியாகவே இருந்தது. விரலின் நகர்வு மவுஸின் நகர்வு; விரலின் தட்டல் மவுஸின் கிளிக். 1996-இல் மைக்ரோசாஃப்டின் இன்டெலிமவுஸ் திரையுருட்டும் சக்கரத்தைப் பரவலாக்கியபோது, தொடுபலகையும் தன் வலது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்கரத்தைப் பாவனை செய்யத் தொடங்கிற்று. அந்த ஓரப்பட்டையில் விரலை மேலும் கீழும் இழுத்தால் பக்கம் உருளும். பழைய மடிக்கணினிகளைப் பயன்படுத்தியோர் இதை நன்கு அறிவர். கை தவறி ஓரத்தைத் தீண்டிவிட்டால், படித்துக்கொண்டிருந்த வரி காணாமற் போவதையும் அறிவர்.

3. பல விரல்கள்: டொரண்டோவும் டெலவேரும்

பல விரல்களை ஒரே நேரத்தில் உணரும் பரப்பு அக்காலத்தில் இல்லாமல் இல்லை. டொரண்டோ பல்கலைக்கழகத்தில் நிமிஷ் மேத்தா 1982-இல் தம் முதுநிலை ஆய்வேட்டுக்காக அத்தகைய ஒரு பரப்பை உருவாக்கினார். அதே பல்கலைக்கழகத்தில் எஸ்.கே. லீ, வில்லியம் பக்ஸ்டன், கே.சி. ஸ்மித் ஆகியோர் 1985-இல், பல விரல்களின் இருப்பிடத்தையும் ஒவ்வொன்றின் அழுத்த அளவையும் தனித்தனியே உணரும் பலகையை ஆய்வுக்கட்டுரையாக அளித்தனர். மைரன் க்ரூகரின் வீடியோபிளேஸ் என்னும் நிறுவல், நிழற்படக் கருவியின் துணையால் கையசைவுகளைப் படித்து, விரல்களைக் கிள்ளியும் விரித்தும் திரையிலுள்ள உருவங்களை மாற்றுவதை 1980-களிலேயே காட்டியிருந்தது. இன்று கைபேசியில் குழந்தையும் செய்யும் அசைவுகளின் மூதாதையர் இவை. அறிவு ஆய்வகத்தில் இருந்தது. மடிக்கணினிக்கு அது வந்து சேரக் கால்நூற்றாண்டு ஆயிற்று.

அந்த இடைவெளியை நிரப்பிய முயற்சி ஒரு முனைவர்பட்ட ஆய்விலிருந்து பிறந்தது என்பது ஆய்வு மாணவர்கள் கவனிக்கத்தக்கது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான் இலையாஸின் மாணவராக இருந்தவர் வெய்ன் வெஸ்டர்மன். ஓயாத தட்டெழுத்தால் அவர் கைகள் நோயுற்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் தசைநார்களில் ஏற்படும் அந்நோய், எழுதித் தீரவேண்டிய நிலையிலிருந்த ஓர் ஆய்வாளருக்கு எத்தகைய இடர் என்பதை விளக்க வேண்டியதில்லை. விசையை அழுத்தும் வலுவே தேவைப்படாத, தொட்டால் மட்டும் போதும் என்ற பரப்பை அவர் நாடினார். கை முழுவதையும் பின்தொடர்ந்து, எது பெருவிரல் எது சிறுவிரல் என்று பிரித்தறிந்து, விரல்களின் கூட்டசைவுகளைக் கட்டளைகளாகப் படிக்கும் முறையை 1999-இல் அளித்த தம் ஆய்வேட்டில் விரித்தார்.

ஆசிரியரும் மாணவரும் 1998-இல் தொடங்கிய ஃபிங்கர்வொர்க்ஸ் நிறுவனம், இம்முறையில் இயங்கும் தட்டையான விசைப்பலகைகளையும் சைகைப் பலகைகளையும் விற்றது. எழுத்துகள் வெறும் அச்சாக இருக்கும் பரப்பு அது. அழுத்துவதற்கு எதுவும் இல்லை. அதே பரப்பில் பெருவிரலும் இன்னொரு விரலும் சேர்ந்து கிள்ளினால் தெரிவு செய்த பகுதி வெட்டப்படும், தட்டினால் நகலெடுக்கப்படும், விரிந்தால் ஒட்டப்படும். சீசாவின் மூடியைத் திருகித் திறப்பதுபோல் விரல்களைச் சுழற்றினால் கோப்பு திறக்கும். எந்தச் சைகைக்கு எந்தக் கட்டளை என்பதைப் பயனரே மாற்றியமைக்க உதவும் ஒரு மென்பொருளையும் நிறுவனம் அளித்தது.

இந்தக் கடைசிச் செய்தியே இவ்வரலாற்றின் மையம். நோயுற்ற கைகள் ஒன்றுபோல் நோயுறுவதில்லை. ஒருவருக்குப் பெருவிரல் வலிக்கும், மற்றொருவருக்கு மணிக்கட்டு. பொதுவான ஓர் இலக்கணத்தை எல்லார்மீதும் சுமத்துவது இக்கருவியின் நோக்கத்துக்கே முரணாகிவிடும். ஆகவே, பயனர் தம் உடலுக்கு ஏற்பச் சைகைகளை வகுத்துக்கொள்ளலாம் என்பது இங்கு இணைப்பாக வந்த வசதி அன்று. கருவி தோன்றிய காரணத்திலிருந்தே எழுந்த கொள்கை.

4. சைகை உடைமையான கதை

2005-இன் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் ஃபிங்கர்வொர்க்ஸை வாங்கியது. அதன் விசைப்பலகைகளின் உற்பத்தி அவ்வாண்டிலேயே நின்றது. தம் கைக்கேற்பச் சைகைகளை வகுத்திருந்த பயனர்களுக்கு, கருவி பழுதுபட்டால் மாற்று வாங்க வழியில்லாமற் போயிற்று. அதன் நிறுவனர்களும் காப்புரிமைகளும் ஆப்பிளுக்குச் சென்றன. 2007 ஜனவரியில் ஐபோன் அறிமுகமானபோது பல்தொடு முறை உலகப் பொதுவழக்காயிற்று.

மடிக்கணினியில் மாற்றம் படிப்படியாக வந்தது. இருவிரல் திரையுருட்டல் 2005-இல் பவர்புக்கில் இடம்பெற்றது. 2008 ஜனவரியில் வந்த மேக்புக் ஏர், கிள்ளிச் சுருக்குதல், சுழற்றுதல், மூவிரல் தள்ளல் ஆகியவற்றைக் கொணர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பொத்தான் தனியே இல்லாத கண்ணாடித் தொடுபலகையும் நால்விரல் சைகைகளும் வந்தன. 2010-இல் மேசைக்கணினிக்கும் தனித் தொடுபலகை விற்பனைக்கு வந்தது. மவுஸுக்கு மாற்றாக மடியில் பிறந்தது, மவுஸின் சொந்த மேசைக்கே திரும்பி வந்தது.

ஃபிங்கர்வொர்க்ஸின் பரப்பில் பயனர் எழுதிய இலக்கணத்தை இப்போது நிறுவனம் எழுதிற்று. சில சைகைகளை இயக்கலாம், நிறுத்தலாம். சிலவற்றை மூன்று விரலுக்கும் நான்கு விரலுக்கும் இடையே மாற்றலாம். அதற்குமேல் பயனருக்கு இடமில்லை. இலக்கணத்துக்கு உரிமை கோரும் வழக்குகளும் எழுந்தன. தொடுபலகையில் பல விரல்களை உணரும் முறைக்கு 1998-இலேயே அமெரிக்காவில் வழங்கப்பட்டிருந்த ஒரு காப்புரிமை பின்னர் தைவானின் எலான் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதை முன்வைத்து எலான் 2009-இல் ஆப்பிள்மீது வழக்குத் தொடுத்தது. 2012 ஜனவரியில் ஆப்பிள் 50 லட்சம் டாலர் கொடுக்க இசைந்ததுடன் வழக்கு முடிந்தது. மறுபுறம், பல்தொடு என்னும் பொருள்படும் மல்டி-டச் என்ற சொல்லையே தன் வணிகச்சின்னமாகப் பதியவேண்டும் என்ற ஆப்பிளின் கோரிக்கையை அமெரிக்க வணிகச்சின்ன முறையீட்டு வாரியம் 2011-இல் மறுத்தது. அது ஒரு தொழில்நுட்பத்தை விவரிக்கும் பொதுச்சொல் என்பது வாரியத்தின் நிலைப்பாடு. பொதுச்சொல் பொதுவிலேயே நின்றது.

5. எது நகர்கிறது: தாளா, கண்ணா?

இக்காலத்தின் மிகப்பெரும் பூசல் ஒரு திசையைப் பற்றியது. 2011 ஜூலையில் வெளிவந்த லயன் என்னும் மேக் இயங்குதளம் திரையுருட்டலின் திசையைத் தலைகீழாக்கி, அதற்கு இயற்கையானது என்று பெயரிட்டது. அதுவரை விரலைக் கீழே இழுத்தால் ஆவணத்தின் கீழ்ப்பகுதி தெரிந்தது. அதன்பின் விரலைக் கீழே இழுத்தால் தாளே கீழிறங்கி மேற்பகுதி தெரிந்தது.

இரண்டு முறைகளுக்குப் பின்னும் இரண்டு உருவகங்கள் உள்ளன. பழைய முறையில் ஆவணம் அசையாது. அதைப் பார்க்கும் சாளரம் நகர்கிறது. புதிய முறையில் சாளரம் அசையாது. விரல் தாளைப் பற்றி நகர்த்துகிறது. திரையையே தொடும் கைபேசியில் இரண்டாவது உருவகம் மட்டுமே பொருந்தும்; மடிக்கணினியில் விரல் ஓரிடத்திலும் திரை வேறிடத்திலும் இருப்பதால் இரண்டும் பொருந்தும். எழுத்து வரலாற்றிலும் இரண்டுக்கும் முன்மாதிரிகள் உண்டு. விரித்து வைத்த ஏட்டின்மேல் கண்ணை ஓட்டுவது ஒன்று. இடக்கையில் பற்றிய ஓலையை எழுத்தாணியின் கீழே நகர்த்தி நகர்த்தி எழுதுவது மற்றொன்று. இவற்றுள் ஒன்றை மட்டும் இயற்கை என்று பெயரிட்டது சந்தை. பழக்கத்தை இயற்கையென்று அழைப்பதன் விளைவு யாதெனில், மாற்றிக்கொள்ள விரும்புபவர் இயற்கைக்கு மாறானவராகத் தோன்றுவார். நல்வாய்ப்பாக, அதை மாற்றும் தெரிவு அமைப்புகளில் இன்றளவும் இருக்கிறது.

6. விண்டோஸும் லினக்ஸும்: ஒழுங்குக்கும் உரிமைக்கும் நடுவே

விண்டோஸ் உலகின் சிக்கல் நேர்மாறானது. சினாப்டிக்ஸ், ஆல்ப்ஸ், எலான் எனப் பலகை செய்வோர் ஒவ்வொருவரும் தத்தம் இயக்கி மென்பொருளைத் தந்தனர். ஒரு மடிக்கணினியில் சாளரத்தை மாற்றும் சைகை, மற்றொன்றில் வேறு செயலைச் செய்யும்; மூன்றாவதில் இருக்கவே இருக்காது. கற்ற பழக்கம் கணினியோடு மாண்டது. இதற்குத் தீர்வாக 2013-இல் விண்டோஸ் 8.1 உடன் துல்லியத் தொடுபலகை என்னும் தரத்தை மைக்ரோசாஃப்ட் முன்வைத்தது. இதன்படி பலகை விரல்களின் இருப்பிடத்தை மட்டும் அறிவிக்கும். அவற்றைச் சைகையாகப் பொருள்கொள்வது இயங்குதளத்தின் வேலை. விண்டோஸ் 10-க்கு 2017-இல் வந்த ஒரு மேம்பாடு, மூவிரல், நால்விரல் சைகைகளுக்கான பொருளைப் பயனரே தெரிவு செய்யும் பக்கத்தை விரிவாக அமைத்தது. மேல், கீழ், இடம், வலம் என ஒவ்வொரு திசைக்கும் விரும்பிய குறுக்குவிசையை இணைக்கும் வசதி, அமைப்புகளில் தொடுபலகைப் பகுதியின் மேம்பட்ட சைகைகள் என்னும் தலைப்பின்கீழ் இருக்கிறது. ஃபிங்கர்வொர்க்ஸ் ஒருகாலத்தில் தந்த அதே உரிமை, குறுகிய வடிவில், ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின் பெருந்திரளான கணினிகளுக்குத் திரும்பியது.

லினக்ஸில் பாதை வேறு. அதன் பழைய சினாப்டிக்ஸ் இயக்கியில் அழுத்தம், ஓரம், வேகம் என எண்ணற்ற அளவைகளைப் பயனர் திருத்தலாம். திருத்தத் தெரிந்தவர் சிலரே. 2015-இல் முதல் நிலைப்பதிப்பைக் கண்ட லிப்இன்புட், தெரிவுகளை வேண்டுமென்றே குறைத்தது. தெரிவுகள் பெருகப் பெருக அவற்றைச் சோதிப்பதும் பேணுவதும் அரிதாகும் என்பது அதன் தரப்பு வாதம். அது சைகையை அடையாளம் காணும். பொருள் கொடுப்பதை மேசைச்சூழலிடம் விட்டுவிடும். 2021-இல் வந்த க்னோம் 40, மூவிரலை மேலே தள்ளினால் முழுக்காட்சி, பக்கவாட்டில் தள்ளினால் அடுத்த பணித்தளம் என்று ஒரு பொருளை நிலைநிறுத்தியது. அதற்கு அப்பால் வகுக்க விரும்புவோர்க்கு டச்எக், ஃபுசுமா போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. எளிய உரைக்கோப்பு ஒன்றில் சைகையையும் கட்டளையையும் எழுதிவைத்தால் போதும். மாணவர்க்கு அரசே மடிக்கணினி வழங்கும் திட்டங்கள் இந்தியாவின் சில மாநிலங்களில் 2011 முதல் நடைபெற்றன. தமிழ்நாட்டின் கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மவுஸை அறியாமல் தொடுபலகையிலேயே கணினியைக் கற்ற ஒரு தலைமுறைக்கு, இந்த வேறுபாடுகள் ஏட்டளவில் நிற்பவை அல்ல.

7. விரைவு என்பது எதைக் குறிக்கிறது?

சைகைகள் வேலையை விரைவாக்குகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. இதை அளந்து பார்க்க ஒரு பழைய கருவி உண்டு. ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் மூவரும் 1980-இல் வெளியிட்ட மாதிரி, தேர்ந்த பயனரின் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு நேர மதிப்பைத் தருகிறது. விசைப்பலகைக்கும் சுட்டும் கருவிக்கும் இடையே கையை மாற்ற 0.4 வினாடி. திரையில் ஓர் இலக்கைச் சுட்ட 1.1 வினாடி. தேர்ந்தவர் ஒரு விசையை அழுத்த ஏறத்தாழ 0.2 வினாடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் ஆயத்தமாக 1.35 வினாடி.

அடிக்குறிப்பு எழுதும் ஆய்வாளர் மூலநூலின் சாளரத்துக்குச் செல்லவேண்டும் என்று கொள்வோம். திரையின் அடியிலுள்ள குறும்படத்தைச் சுட்டிக் கிளிக் செய்ய 1.1, 0.2 ஆக மொத்தம் 1.3 வினாடி ஆகும். பழகிய கையின் மூவிரல் சைகை இந்தச் சுட்டும் வேலையை முற்றிலும் நீக்கிவிடுகிறது; ஆதாயம் உண்மையானது. ஆனால் இதற்கு மூன்று விரலா, நான்கு விரலா என்று ஒரு கணம் எண்ணவேண்டி வந்தால் 1.35 வினாடி கழிகிறது. மிச்சப்பட்டது முழுவதும் போய்விட்டது. அந்தக் கணத்தில் எழுதிக்கொண்டிருந்த தொடரின் இழையும் அறுந்திருந்தால், அதற்கு இம்மாதிரியில் கணக்கே இல்லை.

இக்கணக்கு சைகைகளைத் தனிப்பயனாக்குவோர்க்கு ஒரு வழியைக் காட்டுகிறது. சைகைகள் பல வேண்டா. நாள்தோறும் பன்முறை செய்யும் மூன்று, நான்கு செயல்களுக்கு மட்டும் போதும். சாளரம் மாற்றுதல், மூலம் ஒரு தளத்திலும் எழுத்து ஒரு தளத்திலும் இருக்க அவற்றிடையே தாவுதல், இணைப்பைப் புதிய தாவலில் திறக்கும் நடுப்பொத்தானை மூவிரல் தட்டலுக்கு அளித்தல் ஆகியவை நல்ல தொடக்கம். இரண்டாவதாக, தவறி நிகழ்ந்தால் மீட்க இயலாத செயல் எதையும் சைகைக்குத் தரலாகாது. கோப்பை மூடுதலும் அழித்தலும் விசைப்பலகையிலேயே இருக்கட்டும். மூன்றாவதாக, ஒரே அசைவுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் இருக்கவேண்டும். வீட்டுக் கணினியில் ஒன்றும் துறைக் கணினியில் மற்றொன்றும் ஆனால் பழக்கம் உருவாகாது. பழக்கம் உருவாகாத இடத்தில் விரைவும் இல்லை.

டொனால்ட் நார்மனும் யாக்கோப் நீல்சனும் 2010-இல் எழுதிய கட்டுரை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. சைகை இடைமுகங்கள் பயன்பாட்டியலில் ஒரு பின்னடைவு என்று அவர்கள் வாதிட்டனர். பட்டியில் உள்ள கட்டளை கண்ணுக்குத் தெரியும், சைகை தெரியாது. ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர் கற்பதே வழி. இதனால் பல ஆண்டுகள் ஒரே மடிக்கணினியில் உழைத்த ஒருவர், அக்கருவி தமக்குத் தந்திருக்கும் வசதிகளில் பாதியை அறியாமலே இருக்கக்கூடும். இதைப் பயனரின் அறியாமை என்று சொல்வது பொருந்தாது. இலக்கணத்தை எழுதியவர் அதை எங்கும் காட்டி வைக்கவில்லை.

இன்னொரு செய்தி. மேக் கணினிகளில் மூன்று விரல்களால் சாளரத்தை இழுத்து நகர்த்தும் சைகை ஒரு காலத்தில் தொடுபலகை அமைப்புகளிலேயே இருந்தது. இப்போது அது அணுகல்தன்மை என்னும், உடற்குறை உடையோர்க்கான பகுதிக்குள் இருக்கிறது. அழுத்திப் பிடித்தபடி இழுக்கும் துன்பத்தை அச்சைகை நீக்குவதால் அவ்விடம் பொருத்தமானதே. ஆயினும் ஒரு முரண் கவனத்துக்குரியது. நோயுற்ற ஒரு கையிலிருந்து தொடங்கிய கலை எல்லாருக்குமான வசதியாகப் பரவிற்று. அதன் தொடக்க நோக்கத்துக்கு நெருக்கமான பகுதியோ, தேடிச் செல்பவர் மட்டும் காணும் ஓர் உட்பக்கத்துக்குச் சென்று சேர்ந்தது. நான்கு விரல்களை ஒருசேர அசைக்க இயலாதவரும், மணிக்கட்டு வலியோடு ஆய்வேட்டை முடிக்கப் போராடுபவரும் முதலில் பார்க்கவேண்டிய பக்கம் அது.

8. முடிவாக

எழுத்தாணி, இறகுப்பேனா, தட்டச்சுப்பொறி ஆகியவை எழுத்தை எவ்வாறு மாற்றின என்று வரலாற்றாசிரியர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். இன்றைய ஆய்வாளரின் கை நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் சிறு செவ்வகமும் அவ்வரிசையில் வைத்து ஆராயத்தக்கதே. அதன் வரலாற்றில் ஒரு முனைவர்பட்ட ஆய்வேடு, ஒரு கைநோய், ஒரு நிறுவன விற்பனை, சில காப்புரிமை வழக்குகள், திசையைப் பற்றிய ஒரு பூசல் ஆகியவை அடுத்தடுத்து நின்று, இன்று விரல் நுனியில் தங்கியிருக்கும் பழக்கத்தை வடித்திருக்கின்றன. இவற்றுள் எதுவும் தவிர்க்கவியலாதது அன்று. ஒவ்வொன்றும் வேறுவிதமாகவும் முடிந்திருக்கலாம்.

ஆகவே அமைப்புகளில் தொடுபலகைக்குரிய பக்கத்தைத் திறப்பது வெறும் கணினி நுணுக்கம் ஆகாது. 1999-இல் டெலவேரில் தம் கைக்கேற்ற ஒரு பரப்பை வேண்டி ஆய்வேடு எழுதிய மாணவரின் கோரிக்கையில் எஞ்சியிருப்பது அப்பக்கத்தில்தான் இருக்கிறது. கால்மணி நேரம் ஒதுக்கி, வேண்டாத சைகைகளை நிறுத்தி, வேண்டிய மூன்றை வகுத்து, ஒரு வாரம் பழகிப் பார்ப்பவருக்கு வேகம் எவ்வளவு கூடும் என்பது அவரவர் வேலையைப் பொறுத்தது. மாலையில் மணிக்கட்டு எவ்வாறு இருக்கிறது என்பதையும் அவர் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நன்று.